மணி ஒரு நாடு, நூல் ஒரு நாடு

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில், இரவுச் சாப்பாடு முடிந்தபின் மேஜையைத் துடைத்து அதன்மேல் வெல்வெட் துணியொன்றை விரித்துக்கொண்டு, பாசிமணிகளைக் கோத்துக் கழுத்துமாலைகளாக்கி வாரச் சந்தையில் விற்று வரும் ஒரு பெண்மணியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவர் கோத்து முடித்த மாலையின் பெரிய கண்ணாடி மணிகள் செக் நாட்டு யாப்லோனெட்ஸ் நகரத்தில் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. இடையிடையே வரும் கடுகளவு மணிகள் ஜப்பானில் ஹிரோஷிமாப் பகுதியில் செய்யப்பட்டவை. நடுவே தொங்கும் நீலப்பச்சைக் கல் சீனத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. கொக்கி எந்த ஊரில் வார்க்கப்பட்டதென்பது அவருக்கே தெரியாது. எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் வரவேண்டும், எவ்விடத்தில் மணி சிறுத்து எவ்விடத்தில் பருக்கவேண்டும் என்று தீர்மானித்தது மட்டும் அவருடைய கண். கோத்தது அவருடைய விரல். இந்த மாலையில் கட்டித் தொங்கவிடும் சிறு அட்டையில் அவர் எந்த நாட்டின் பெயரை எழுதுவது?

கேள்வி சிறிது; ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்த சட்டங்களோ பல, அவை ஒன்றுக்கொன்று இசைந்து போகாதவையும்கூட. சுங்கச் சட்டம் பொருள் எங்கே தன் உருவத்தைப் பெற்றது என்று பார்க்கிறது. வியாபார ஒழுக்கச் சட்டம் வாங்குபவர் மனத்தில் என்ன எண்ணம் உண்டாகும் என்று பார்க்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கலையைக் காக்கும் சட்டம் செய்த கை யாருடையது என்று பார்க்கிறது. ரத்தினங்களைப் பற்றி அண்மையில் எழுந்த சட்டங்களோ கல்லைத் தோண்டிய குழி எந்த மண்ணில் இருக்கிறது என்று பார்க்கின்றன. இவற்றுள் எதையும் தவறென்று ஒதுக்க முடியாது. ஆயினும் பல தேசத்துப் பொருள்கள் சேர்ந்து ஒருவர் கையில் ஓர் ஆபரணமாகும்போது, ஒற்றை நாட்டின் பெயர் எதுவாயினும் அது பாதி உண்மையே என்பதும், எந்த வேலை எங்கே நடந்தது என்று பிரித்துச் சொல்லும் சீட்டு ஒன்றே முழு உண்மைக்கு அருகில் வரும் என்பதும் என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சிறிது நிதானமாகவே பார்க்கவேண்டும்.

பிறப்பிட முத்திரை என்னும் வழக்கம் வாங்குவோரின் நன்மையைக் கருதி மட்டும் பிறந்ததன்று. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக் கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பெயரைப் பொறித்துக்கொண்டு விற்பனையாகின்றன என்ற புகார் வலுத்தபோது, பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1887-ஆம் ஆண்டில் வியாபாரக் குறிகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. அந்நியச் சரக்கு என்று தெரிந்தால் ஜனங்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது அதனை இயற்றியவர்களின் நம்பிக்கை. அச்சட்டத்தால் வந்த ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற குறியே பின்னாளில் தரத்தின் அடையாளமாகிப் போனது பலரும் அறிந்த வரலாறு. அமெரிக்காவிலும் 1890-ஆம் ஆண்டின் மக்கின்லி சுங்கச் சட்டத்தில்தான் பிறப்பிடத்தைப் பொறிக்கவேண்டும் என்ற கட்டளை முதன்முதலாக நுழைந்தது. அச்சட்டமோ உள்நாட்டுத் தொழிலுக்கு மதிலெழுப்பும் உத்தேசத்தோடு எழுதப்பட்டது. இன்றளவும் நடைமுறையிலுள்ள 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் கண்ணில் படும் இடத்தில், படிக்கத்தக்கதாக, பொருளின் இயல்பு இடங்கொடுக்கும் அளவுக்கு அழியாததாக, கடைசியில் வாங்குபவருக்குத் தெரியும்படி, தான் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கியிருக்க வேண்டும் என்கிறது.

கடைசியில் வாங்குபவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாம் சொன்ன பெண்மணி வாங்கியது மணி. அவரிடம் வாங்குகிறவர் பெறுவது மாலை. மணி மாலையாகும்போது அது வேறு பொருளாகிவிட்டது என்று கொண்டால், மணியைக் கடைசியாக வாங்கியவர் அப்பெண்மணியே ஆவார். மணியின் நாட்டை அவர் அறிந்திருந்தால் சுங்கத்துக்குப் போதும். வேறு பொருளாகவில்லை என்று கொண்டாலோ, மணியின் நாட்டுப் பெயர் மாலையை அணியப் போகிறவர் வரையில் தொடர்ந்து செல்லவேண்டும். இதை நிர்ணயிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல், பெயரிலோ குணத்திலோ உபயோகத்திலோ வேறுபட்ட புதியதொரு பொருள் தோன்றிவிட்டதா என்பது. ஸ்பெயினிலிருந்து வந்த தக்கைகளைப் பீர் புட்டிகளுக்கு ஏற்றவாறு அமெரிக்காவில் பக்குவப்படுத்திய வழக்கொன்றில், எவ்வளவு பக்குவப்படுத்தினாலும் தக்கை தக்கையாகவே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. ஜப்பானிலிருந்து வந்த மரப்பிடிகளில் அமெரிக்காவில் மயிர் நட்டுத் தூரிகைகளாக்கிய வழக்கில், 1940-இல், பிடி மறைந்து தூரிகை என்னும் புதுப் பொருள் பிறந்துவிட்டது என்று முடிவாயிற்று. இந்தோனேசியாவில் தைத்துவந்த காலணி மேற்பாகங்களுக்கு அமெரிக்காவில் அடித்தோல் ஒட்டிய 1982-ஆம் ஆண்டு வழக்கிலோ, காலணியின் சாரமே அந்த மேற்பாகந்தான், அடியை ஒட்டியதால் அது புதிதாகிவிடவில்லை என்றார்கள்.

இப்பொழுது மாலையை எண்ணிப் பார்ப்போம். அது தூரிகையின் கட்சியா, காலணியின் கட்சியா? மாலையில் ஒவ்வொரு மணியும் தான் வந்த உருவத்திலேயே, சற்றும் குறையாமலும் மாறாமலும் நிற்கிறது. அந்த வகையில் அது காலணியின் கட்சி. ஆனால் தனித்து நிற்கும் மணிக்கு உபயோகமே இல்லை, மாலைக்கு உண்டு, பெயரும் மாறிவிட்டது, அந்த வகையில் அது தூரிகையின் கட்சி. வாங்கிவந்த தொங்கலைச் சங்கிலியில் மாட்டிவிடுவதும், நூற்றுக்கணக்கான கடுகுமணிகளை ஊசியும் நூலும் கொண்டு நெசவுபோல் பின்னி இல்லாத ஓர் உருவத்தை உண்டாக்குவதும் ஒன்றாகமாட்டா. ஆகையால் வேலையின் அளவையும் நுட்பத்தையும் பார்த்தே ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது. சுங்க விதிகளில் முத்திரையிடத் தேவையில்லாத பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கோக்கப்படாத மணிகள் இடம்பெற்றிருக்கின்றன. கடுகளவு மணியின் உடம்பில் நாட்டின் பெயரை எழுத இடமேது? எனவே மணியை விட்டு, மணி வந்த பையின்மேல் பெயர் எழுதப்படுகிறது. இச்சிறு விதி எவ்வளவு பெரிய விளைவுக்குக் காரணமாகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சுங்கத்தின் கேள்வி முடிந்த இடத்தில் சந்தையின் கேள்வி ஆரம்பமாகிறது. பெடரல் டிரேட் கமிஷன் என்னும் அமெரிக்க வர்த்தக அமைப்பு 1997-இல் வெளியிட்ட கொள்கையின்படி, எந்த அடைமொழியுமின்றி அமெரிக்காவில் செய்யப்பட்டது என்று சொல்லவேண்டுமானால், பொருளின் உறுப்புகளும் வேலையும் முற்றிலும், அல்லது ஏறக்குறைய முற்றிலும், அந்நாட்டினவாக இருக்கவேண்டும். சுங்கச் சட்டப்படி அயல்நாட்டு முத்திரை தேவைப்படாத பொருளும் இந்தத் தேர்வில் தோற்றுப்போகலாம் என்பதைக் கைவினைஞர் பலர் அறிந்திருப்பதில்லை. அக்கொள்கை விளக்கத்திலேயே நகையொன்று உதாரணமாக வருகிறது. அயல்நாட்டுத் தங்கத்தைக் கொண்டு அமெரிக்காவில் செய்த மோதிரத்துக்கு அந்நாட்டின் பெயரை நிபந்தனையின்றி இடுவது தகாது. ஏனெனில் மோதிரத்தின் மதிப்பில் பெரும்பங்கு தங்கத்தினுடையது, தங்கத்துக்கும் மோதிரத்துக்கும் இடையே ஒரு படிதான் தூரம். அயல்நாட்டுக் கச்சா எண்ணெயிலிருந்து வந்த பிளாஸ்டிக்கைக் கடிகார ரேடியோவின் கூட்டுக்குப் பயன்படுத்தினால் அது குற்றமாகாது. எண்ணெய்க்கும் ரேடியோவுக்கும் இடையே பல படிகள் உள்ளன. இந்தப் பகுத்தறிவை நான் மிகவும் மதிக்கிறேன். மூலப்பொருள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் ஆபரணத்தில், வாங்குகிறவர் விலை கொடுப்பது அந்த மூலப்பொருளுக்குமாகத்தான் அல்லவா? 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் இதுவே தண்டனைக்குரிய விதியாகவும் ஆகிவிட்டது; அப்போது ஒவ்வொரு மீறலுக்கும் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 40,000 டாலருக்கும் அதிகம்.

ஆனால் அதே கொள்கை ஒரு நல்ல வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அயல்நாட்டு மணிகளைக் கொண்டு அமெரிக்காவில் செய்யப்பட்டது என்றோ, அமெரிக்காவில் வடிவமைத்துக் கோக்கப்பட்டது என்றோ, உண்மையை அடைமொழியோடு சொன்னால் தடையில்லை. இதைத் தங்கள் தொழிலுக்கு ஒரு குறையென்று கருதி அஞ்சுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய அச்சம் தேவையற்றது என்றே நினைக்கிறேன். யாப்லோனெட்ஸ் மணி என்று சொன்னால் மணியின் அருமை தெரிந்தவர்கள் விலகிப் போகமாட்டார்கள், நெருங்கியே வருவார்கள்.

நாட்டின் பெயரைவிட அதிகமாகத் தவறாக வழங்கும் மற்றொரு சொல் ‘கைவேலை’ என்பது. நகைகளுக்காக அந்தக் கமிஷன் வகுத்துள்ள வழிகாட்டு நெறிகளில் அதற்கு மிகக் கண்டிப்பான பொருள் கூறப்பட்டிருக்கிறது. கச்சாப் பொருளிலிருந்து தொடங்கி உருவாக்கமும் மெருகும் அலங்காரமும் யாவும், ஒவ்வொரு உறுப்பின் வடிவத்தையும் செய்பவர் தம் விருப்பப்படி மாற்றக்கூடிய முறையில், கையாலோ கையால் ஆளப்படும் கருவியாலோ நடந்திருக்க வேண்டும். தகடும் கம்பியும் கட்டியும் கச்சாப் பொருள்கள், ஆனால் முன்பே வெட்டி உருவாக்கிய நகை உறுப்புகள் கச்சாப் பொருள்கள் அல்ல. இந்த அளவுகோலை அப்படியே வைத்தால், வாங்கிய மணியைக் கோத்த மாலை எவ்வளவு அழகாயிருப்பினும் முழுக் கைவேலை ஆகாது. கையால் கோத்தது என்பதே அதற்குரிய சொல். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனால் வெள்ளிக் கட்டியை உலையிலிட்டு உருக்கி, கம்பச்சில் இழுத்துக் கம்பியாக்கி, அந்தக் கம்பியிலிருந்து கண்ணி கண்ணியாகச் சங்கிலி பின்னும் பத்தருக்கும், கடையில் வாங்கிய சங்கிலியில் கடையில் வாங்கிய பதக்கத்தை மாட்டுகிறவருக்கும் ஒரே சொல் உரியதாயிருந்தால், நஷ்டமடைபவர் முன்னவரே. அவருடைய பகல்கள் பலவற்றின் உழைப்பு அந்த ஒரு சொல்லின் மதிப்பில்தான் தங்கியிருக்கிறது.

இந்த நஷ்டம் எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதை அமெரிக்கத் தென்மேற்குப் பிரதேசத்தில் கண்கூடாகக் காணலாம். நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் வாழும் நவஹோ, ஜூனி, ஹோப்பி, கேவா முதலிய பூர்வகுடி மக்களுக்கு வெள்ளியும் நீலப்பச்சைக் கல்லும் சேர்ந்த நகைத்தொழில் ஜீவனமும் மரபும் ஆகும். பல குடும்பங்களுக்கு வேறு வருவாய் அரிது. அவர்களுடைய வடிவமைப்புகளைப் பார்த்து அயல்நாட்டுத் தொழிற்சாலைகளில் மலிவாகச் செய்து, பூர்வகுடி நகை என்று விற்கும் வியாபாரம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 2015-இல் கூட்டாட்சி அதிகாரிகள் நியூ மெக்சிகோவின் கடைகள் பலவற்றில் ஒரே சமயத்தில் சோதனையிட்டு, பிலிப்பைன்ஸில் செய்த நகைகள் அவ்விதம் விற்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தார்கள். அதன் தொடர்பாகச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஒரு பூர்வகுடித் தட்டார் ஒரு வளையலுக்கு வாரக்கணக்கில் உழைத்துச் சந்தைக்கு வரும்போது, அதே உருவம் பக்கத்துக் கடையில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால், வாங்க வந்தவர் இவரை அல்லவா அதிக விலை சொல்லும் ஏமாற்றுக்காரர் என்று நினைப்பார்? பொய்ச்சீட்டு மெய்யான கைவினைஞரையே பொய்யராக்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய அநியாயத்தை இத்துறையில் நான் அறியேன்.

அதனால்தான் சாதாரண நகைக்கு இல்லாத கண்டிப்பு இங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த சுங்க விதிப்படி, பூர்வகுடிப் பாணியில் செய்து இறக்குமதியாகும் நகையில் நாட்டின் பெயரைச் செதுக்கியோ அச்சடித்தோ அழியாதபடி பதிக்கவேண்டும். பறித்தெறியக்கூடிய ஒட்டுச்சீட்டு, வேறு வழியே இல்லாத இடத்தில்தான் அனுமதிக்கப்படும். 1990-ஆம் ஆண்டின் பூர்வகுடிக் கலைச் சட்டமோ, பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்கும் தனி மனிதருக்கு முதற்குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும், நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதமும் வகுத்தது.

இந்த இரண்டாவது சட்டத்தில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. அது மூலப்பொருளின் நாட்டைக் கேட்பதில்லை. உழைத்த கை அங்கீகாரம் பெற்ற குடியைச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்கிறது. பூர்வகுடி ஒருவர் திட்டமிட்டு மற்றவர் செய்த பொருளும் அதன்படி பூர்வகுடிப் பொருளாகாது. வரலாற்றைப் பார்த்தால் இதுவே நியாயம் என்பது விளங்கும். நவஹோ தட்டார்கள் ஆதியில் அமெரிக்க வெள்ளி நாணயங்களையும், பின்னர் மெக்சிகோவின் பெசோக்களையும் உருக்கியே நகை செய்தார்கள். ஜூனிகள் பதிக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. கேவா மக்கள் தேய்த்து மணியாக்கும் சிப்பிகள் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கால்நடையாகக் கொண்டுவரப்பட்டவை. அரிசோனாவின் புகழ்பெற்ற ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ சுரங்கத்தில் நீலப்பச்சைக் கல்லெடுப்பு 2012-இல் நின்றபின், அயல்நாட்டுக் கல்லின் தேவை இன்னும் மிகுந்தது. சீனத்துக் கல்லைப் பதித்ததனால் ஜூனி ஒருவருடைய வேலை ஜூனி வேலையல்லாமற் போய்விடுமா? போகாது. ஆனால் கல் அரிசோனாவினது என்று அவரே சொல்லி விற்றால் அது பொய்யாகும். கை ஒரு கேள்வி, கல் மற்றொரு கேள்வி; இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பதனால்தான் குழப்பம் நேர்கிறது.

சில சமயங்களில் கல்லின் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பர்மாவின் மாணிக்கத்தையும் ஜேட் என்னும் பச்சைக்கல்லையும் எந்த நாட்டில் பட்டை தீட்டிக் கொண்டுவந்தாலும் ஏற்கமாட்டோம் என்று அமெரிக்கா 2008-இல் சட்டம் இயற்றி 2016 வரை கடைப்பிடித்தது. 2024 முதல் ருஷ்ய வைரம் சூரத்தில் தீட்டப்பட்டு வந்தாலும் ருஷ்ய வைரமே என்று ஜி-7 நாடுகள் கொள்கின்றன. உலகில் பத்தில் ஒன்பது வைரங்கள் வரை தீட்டப்படும் சூரத்தின் தொழிலாளருக்கு இது எளிய விஷயமன்று; தீட்டுவதனால் கல் புதுப் பிறவி எடுக்கிறது என்ற பழைய சுங்க வேதாந்தம் இங்கே செல்லாது.

ஐரோப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நகை போன்ற பொருள்களுக்குப் பிறப்பிட முத்திரையை ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கட்டாயமாக்கவில்லை. 2005-இலும் 2013-இலும் வந்த யோசனைகள் நிறைவேறவில்லை. சுவிட்சர்லாந்து 2017 முதல் கைக்கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் தன் நாட்டில் ஆகியிருந்தால்தான் தன் பெயரை இட அனுமதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவான பிறப்பிட விதிகளை 1998-க்குள் வகுத்து முடிப்பதாக ஏற்றுக்கொண்ட பணி இன்றுவரை முடிவுறவில்லை. சதவீதக் கணக்கு தொழிற்சாலைக்குப் பொருந்தும். இரவில் மேஜையில் அமர்ந்து கோக்கிறவர் தம் கண்சோர்வை எந்த விலைக்கு எழுதிக் கணக்குக் காட்டுவார்?

நம் நாட்டு நிலைமையையும் ஒரு பார்வை பார்க்கலாம். 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் பெற்று விற்கப்படும் தங்க நகைகளில் இருக்கவேண்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் தங்கத்தின் மாற்றுக்குச் சான்று கூறுகின்றன. அது எம்மண்ணின் தங்கம் என்பதைச் சொல்லுவதில்லை. கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நாம் அணியும் தங்கம் பெரும்பாலும் கடல் கடந்து வருவதே. அதனால் நம் பத்தர் செய்த அட்டிகை அயல்நாட்டு அட்டிகை ஆகிவிட்டது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். நாகர்கோவில் கோயில் நகைகளுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீட்டின் ஜீவனும் வடசேரிக் கைவினைஞரின் வேலைப்பாட்டில்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனைத் தளங்களில் பிறப்பிட நாட்டைக் காட்டச் சொல்லுகின்றன. ஆனால் பல நாட்டு உறுப்புகள் கூடிய கைவினைப் பொருளுக்கு அந்த ஒற்றைக் கட்டத்தில் எதை நிரப்புவதென்ற சங்கடம் இங்கும் இருக்கிறது. பழமையை எண்ணினால் இது வியப்புமன்று. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி துளைத்தவர்கள் உள்ளூர்க் கல்லோடு குஜராத்துச் சூதுபவளத்தையும் கையாண்டிருக்கிறார்கள்.

நாடு என்பதே நிலையான அளவுகோலன்று என்பதற்கும் இம்மணிகளே சாட்சி. யாப்லோனெட்ஸ் நகரம் ஹாப்ஸ்பர்க் பேரரசில் காப்லோன்ஸ் என்று வழங்கிய காலத்தில், அங்கிருந்து கண்ணாடி வளையல்கள் பெட்டி பெட்டியாக இந்தியாவுக்கு வந்தன. நம் பாட்டிமாரின் கைகளில் குலுங்கிய வளையல்களில் ஒரு பகுதி அவ்வூர் உலைகளில் பிறந்தவை. 1945-க்குப் பின் அங்கு வாழ்ந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் பலர் பவேரியாவில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த பாழிடத்தில் நாய்காப்லோன்ஸ் என்ற புதுக் குடியிருப்பை எழுப்பி அதே மணித்தொழிலைத் தொடர்ந்தார்கள். தாய் செய்த மணி ஒரு நாட்டினது, மகள் செய்த அதே மணி மற்றொரு நாட்டினது. ஊர்ப்பெயரையும் தொழில்முறையையும் சொன்னால் இந்தத் தொடர்ச்சி விளங்கும். நாட்டுப் பெயரை மட்டும் சொன்னால் மறைந்துபோகும்.

இனி, பின்னர் சொல்வதாக நான் நிறுத்தி வைத்த பையின் சங்கதி. நம் பெண்மணி உண்மையான சீட்டு எழுத வேண்டுமென்று மனப்பூர்வமாக விரும்பினாலும், அவரால் முடியாமற்போகும் காரணம் பெரும்பாலும் இதுதான்: இறக்குமதியாகும்போது கிலோக்கணக்கான மணிகள் இருந்த பெரிய பையில் நாட்டின் பெயர் இருக்கிறது, மொத்த வியாபாரி அதைப் பிரித்துச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டும்போது அந்தப் பெயர் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. மறுபடி பொட்டலம் கட்டுகிறவர் புதிய உறையிலும் நாட்டின் பெயரை எழுதவேண்டும், அப்படி எழுதச் செய்வதாக இறக்குமதியாளர் சுங்கத்துக்கு உறுதிப் பத்திரம் கொடுக்கவேண்டும் என்று விதி தெளிவாகவே இருக்கிறது. அபராதமும் சோதனையும் சந்தையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரை நோக்கிப் பாய்வதற்கு முன், அந்தப் பொட்டலம் கட்டும் இடத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒரு வரி எழுதப்பட்டால், செக் கண்ணாடி மணியும் ஜப்பானிய கடுகுமணியும் சீனத்துக் கல்லும் சேர்ந்து தம் மேஜையில் கையால் கோக்கப்பட்டது என்று அவர் தம் சிறிய அட்டையில் எழுதிவிடுவார். அட்டையின் பின்புறத்தில் விலைக்கும் இடம் இருக்கும்.